விட்ட இடத்துல இருந்து தொடங்கலாம்: வேளாங்கண்ணி நடைப்பயணம், வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வேற எதையோ எழுதும்போது, சென்னையில இருந்து வேளாங்கண்ணிக்கு ஒரே மூச்சா இல்லாம விட்டு விட்டு ரெண்டு வருஷத்துல நடந்து முடிச்சேன்னு ஒரு வரி சொல்லிட்டுப் போயிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதி. அதனால இந்த தடவை மத்த கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இதை மட்டும் பேசுறேன்.

அக்கா, என் பையன் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா சென்னையில இருந்து நடந்தே வர்றேன்னு மாதாகிட்ட பொருத்தனை வச்சேன். பையன் நல்லா இருக்கான். ஆனா என் வேலையில சேர்ந்தாப்ல மூணு நாள் லீவு கிடைக்கிறதே கஷ்டம். நீங்க பண்ண மாதிரி பிரிச்சு பிரிச்சு நடந்தா அது பொருத்தனைக் கணக்குல வருமா? மாமியார் வராதுன்னு சொல்றாங்க.
- சென்னை வாசகி

வரும்மா. முதல்ல பையன் நல்லா இருக்கான்ல, அதுக்கு மாதாவுக்கு நன்றி.

உங்க பொருத்தனை என்னன்னு நீங்களே எழுதின வரியை திரும்ப படிச்சுப் பாருங்க, "நடந்தே வர்றேன்"னுதான் இருக்கு, "பத்து நாளுக்குள்ள வர்றேன்"னு இல்ல. சென்னைக்கும் வேளாங்கண்ணிக்கும் நடுவுல இருக்கிற ஒவ்வொரு அடியும் உங்க கால் பட்டதா இருக்கணும், அவ்வளவுதான் நீங்க கொடுத்த வாக்கு. அப்பவும் மனசு உறுத்துச்சுன்னா உங்க பங்குச் சாமியார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க, இதை நான் சும்மா சொல்லல, 1983-ல வந்த திருச்சபைச் சட்டத்துலயே 1196, 1197-ன்னு ரெண்டு எண் இதைப் பத்தித்தான் பேசுது. தனிப்பட்ட முறையில வச்ச பொருத்தனையை அதுக்கு சமமான, இல்ல அதைவிட நல்ல காரியமா வச்சவங்களே மாத்திக்கலாம். குறைச்சுக்கணும்னாலோ மொத்தமா விடுதலை வேணும்னாலோ, நியாயமான காரணம் இருந்தா, பங்குச் சாமியாருக்கே அந்த அதிகாரம் இருக்கு. நீங்க குறைக்கக்கூட கேட்கலையே, நாளைத்தானே பிரிக்கிறீங்க.

உலகத்துல இது புதுசும் இல்ல. ஸ்பெயின்ல சந்தியாகோ கோயிலுக்கு நடக்குறவங்கள்ல வருஷத்துக்கு ஒரு வாரம்னு லீவு போட்டு பல வருஷம் நடந்து முடிக்கிறவங்க ஏராளம், அங்க சர்டிபிகேட் வாங்க கடைசி 100 கிலோமீட்டர் நடந்திருந்தாலே போதும். ஜப்பான்ல ஷிகோகு தீவைச் சுத்தி 88 கோயில், ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், பல இடத்துல கடலை ஒட்டியே போற பாதை, அங்க பிரிச்சு நடக்குறதுக்கு குகிரி-உச்சின்னு தனிப் பேரே வச்சிருக்காங்க. பேர் வைக்கிற அளவுக்கு ஜனங்க அப்படி நடந்திருக்காங்கன்னு உங்க மாமியார்கிட்ட சொல்லுங்க.

ஆனா ஒண்ணு, இதுல நான் ரொம்ப கறாரா இருப்பேன். எந்த இடத்துல நிறுத்துறீங்களோ அடுத்த தடவை அதே இடத்துல இருந்துதான் தொடங்கணும். நிறுத்தும்போது பக்கத்துல இருக்கிற கிலோமீட்டர் கல்லை போட்டோ எடுங்க, கல் இல்லைன்னா போன்ல லொகேஷனை சேவ் பண்ணி வச்சுக்குங்க. மரக்காணத்துக்கு முன்னாடி ஒரு தடவை எனக்கு வயிறு சரியில்லாம போய் ஒரு உப்பளத்து ஓரமா நிறுத்திட்டேன், அடுத்த மாசம் திரும்பிப் போனப்ப பஸ் அங்க நிக்காம ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்தான் இறக்கி விட்டுச்சு. கூட வந்த என் தங்கச்சி "அக்கா ரெண்டு கிலோமீட்டர்தானே, மாதா கோச்சுக்க மாட்டாங்க"ன்னா. கோச்சுக்க மாட்டாங்கதான், ஆனா எனக்கு மனசு கேக்கல, திரும்பி நடந்து போய் அந்த உப்பளத்து ஓரத்துல நின்னு சிலுவை போட்டுட்டுதான் தொடங்கினேன். உப்பு அள்ளிட்டு இருந்த ஒரு அம்மா போன தடவை என்னைப் பார்த்ததை ஞாபகம் வச்சிருந்து "இப்ப உடம்பு பரவாயில்லையா"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு அந்த ரெண்டு கிலோமீட்டரை விட்டிருந்தா அந்தக் கேள்வி எனக்கு கிடைச்சிருக்காது.

எத்தனை கட்டமா பிரிக்கலாம், எங்கெங்க நிறுத்தலாம்? ரோட்டை விட்டுட்டு கடற்கரை மணல்லயே நேரா நடந்து போயிட முடியாதா அக்கா? கடல் பக்கத்துலயேதானே இருக்கு?
- கடலூர் வாசகர்

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன் தம்பி, ஏன்னா இந்த ஆசை எனக்கும் இருந்துச்சு. முடியாது. மேப்ல பார்த்தா ஒரே நீளமா மணல் மாதிரி தெரியும், போனா அங்கங்க முகத்துவாரம். முட்டுக்காடு, பாலாறு, உங்க ஊர்ப் பக்கம் தென்பெண்ணை, கெடிலம், அப்புறம் வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி, எல்லாம் இந்தக் கடல்லதான் வந்து விழுது. மேல பார்க்க முழங்கால் தண்ணி மாதிரி இருக்கும், அலை ஏறி இறங்குற நேரத்துல இழுவை எப்படி இருக்கும்னு அந்த ஊர் மீனவர்தான் சொல்ல முடியும், அதனால முகத்துவாரத்தை நடந்து கடக்கலாம்னு கனவுலயும் நினைக்காதீங்க. பாலம் எங்க இருக்கோ ரோடு அங்க உள்ள போகும், நாமளும் கூடவே போகணும். கல்பாக்கத்துல அணுமின் நிலையம் இருக்கிறதால கரையோரமா போக விடவும் மாட்டாங்க. அதோட மணல்ல நடந்தா கெண்டைக்கால் நாலு கிலோமீட்டர்லயே கல்லு மாதிரி ஆயிடும். காலைல ஒரு அரைமணி நேரம் ஆசைக்கு மணல்ல நடங்க, மிச்சத்துக்கு ரோடுதான்.

இப்ப பிரிக்கிற கதை. பெசன்ட் நகர் மாதா கோயில்ல இருந்து ஈ.சி.ஆர். (கிழக்கு கடற்கரைச் சாலை) பிடிச்சு, பாண்டிச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் வழியா போனா மொத்தம் 320 கிலோமீட்டரை ஒட்டி வரும். சனி ஞாயிறு மட்டும்தான்னா ஒரு நாளைக்கு 15-ல இருந்து 20 வச்சுக்குங்க, அப்படிப் பார்த்தா ஒம்பது பத்து வார இறுதி. முதல் நாளே 30 நடந்து காட்டணும்னு சிலருக்கு வேகம் வரும், அவங்கதான் ரெண்டாவது நாள் மதியம் பஸ் ஸ்டாப்ல காலைப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பாங்க.

கட்டத்தை முடிக்கிற ஊருக்கு நான் வச்சிருந்த ஒரே அளவுகோல், அங்க சாதாரண பஸ் நிக்கணும். மாமல்லபுரத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவுல ரயிலும் கிடையாது, நிறைய பஸ் இடையில நிக்காம பறக்கிறது, அதனால நடு ரோட்டுல "போதும்"னு தோணினா மாட்டிக்குவோம். கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம், கூவத்தூர், கடப்பாக்கம், மரக்காணம், காலாப்பட்டுன்னு பார்த்து பார்த்து வெட்டுங்க. மாமல்லபுரம் தாண்டினா மரக்காணம் வரைக்கும்தான் என்னைப் பொறுத்தவரை முழு பயணத்துலயே கஷ்டமான பகுதி, நிழல் கம்மி, ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் இடைவெளி ஜாஸ்தி, ரெண்டு லிட்டர் தண்ணி கையில இல்லாம அங்க கால் வைக்காதீங்க. கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரை கோட்டை இடிஞ்சு கிடக்கு, அதோட நிழல்ல உக்காந்து கட்டுச்சோறு சாப்பிட்டது இன்னும் நாக்குல இருக்கு.

பாண்டிச்சேரிக்கு அப்புறம் சுலபம். உங்க கடலூர் 22, 25 கிலோமீட்டருக்குள்ள வந்துடும், அங்க இருந்து சிதம்பரம் 45 மாதிரி, நடுவுல புதுச்சத்திரத்துல வெட்டிக்கலாம். இங்க இருந்து ரயில் கூட வரும், சிதம்பரம், சீர்காழி எல்லாம் ஸ்டேஷன் இருக்கு. சிதம்பரத்துல இருந்து சீர்காழி 20, கொள்ளிடம் பாலத்துல விடியற்காலைல நடங்க, கைப்பிடிச் சுவர் ஓரமா ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா. சீர்காழியில இருந்து ஆக்கூர், திருக்கடையூர் வழியா தரங்கம்பாடி. தங்க இடம் கிடைக்காத ஊர்ல நிறுத்த வேண்டி வந்தா கவலைப்படாதீங்க, பஸ் ஏறி பெரிய ஊருக்கு வந்து தூங்கிட்டு காலைல முதல் பஸ்ல அதே கல்லுக்குப் போய் இறங்குங்க, நான் பாதி இடத்துல அப்படித்தான் பண்ணேன்.

நாலுவழிச் சாலைக்காக புது பைபாஸ் எல்லாம் போட்டிருக்காங்க, அதுல நடக்காதீங்க. பழைய ரோடு ஊருக்குள்ள போகும், ரெண்டு கிலோமீட்டர் கூட ஆனாலும் தண்ணி, நிழல், மனுஷ முகம் மூணும் கிடைக்கும்.

தரங்கம்பாடியில அரை நாளாவது நில்லுங்கன்னு கெஞ்சி கேட்டுக்குறேன். 1620-ல டேனிஷ்காரங்க கட்டின கோட்டை, 1706-ல வந்து இறங்கின ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தமிழ்ல புதிய ஏற்பாட்டை அச்சுல ஏத்தின ஊரு, அவர் கட்டின 1718-ம் வருஷத்து கோயில், எல்லாம் ஒரே தெருவுல நடந்து பார்த்துடலாம். அங்க இருந்து காரைக்கால் 15-க்குள்ள.

எங்க அப்பாவுக்கு வயசு 61, 14 வருஷமா சுகர். செருப்பு போடாம நடந்தாத்தான் புண்ணியம்னு அடம் பிடிக்கிறார். என்ன சொல்லி புரிய வைக்கிறது?
- திருவள்ளூர் வாசகி

இதுக்கு மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அப்பா வெறுங்காலோட நடக்கக் கூடாது. சுகர் பல வருஷம் இருந்தா பாதத்துல உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமா மங்கிடும், தார் ரோடு வெயில்ல கொதிக்கும்போது நமக்கு "ஆ"ன்னு கால் தானா எழும்பும், அவருக்கு எழும்பாது. சுட்டது தெரியாம, கண்ணாடி ஏறினது தெரியாம ராத்திரி கழுவும்போதுதான் ரத்தத்தைப் பார்ப்பார், அந்தப் புண்ணு ஆறாம விரலையே எடுக்கிற வரைக்கும் போன குடும்பத்தை நான் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன்.

கிளம்புறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி டாக்டர்கிட்ட பாதத்தை காட்டுங்க, நைலான் நூல் மாதிரி ஒண்ணை பாதத்துல அங்கங்க வச்சு அழுத்தி உணர்ச்சி இருக்கான்னு பார்ப்பாங்க, அஞ்சு நிமிஷ வேலை. இன்சுலினோ மாத்திரையோ, நடக்குற நாள்ல அளவை மாத்தணுமான்னும் அவர்கிட்டயே கேளுங்க, ஏன்னா நாலு மணி நேரம் நடந்தா சுகர் கீழ இறங்கிடும். பாக்கெட்ல குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கட்டும். வேர்த்துக் கொட்டி கை நடுங்குதுன்னா உடனே வாயில போட்டுட்டு உக்காரணும், "அடுத்த ஊர் வந்துடட்டும்"னு இழுக்கக் கூடாது. ராத்திரி ராத்திரி நீங்க டார்ச் அடிச்சு அவர் பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்க.

அப்பாகிட்ட இப்படிச் சொல்லிப் பாருங்க. அவர் போறது ஆரோக்கிய மாதாகிட்ட. பேர்லயே ஆரோக்கியம் இருக்கு. காலை இழந்துட்டு வந்து நில்லுன்னு எந்த அம்மாவும் கேட்க மாட்டா. வேளாங்கண்ணி கதையிலயே மோர் வித்த கால் ஊனமான பையனுக்கு மாதா கால் கொடுத்ததாத்தானே வழிவழியா சொல்றோம். அவ்வளவு ஆசைன்னா கடைசி நாள் காலைல கோயில் வாசல்ல ஷூவைக் கழட்டட்டும், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி.

கொப்புளம் வராம இருக்க என்ன பண்றது?
- வேலூர் வாசகர்

புது ஷூவோட கிளம்பாதீங்க, குறைஞ்சது ஒரு மாசமாவது போட்டு நடந்த ஷூவா இருக்கணும், அரை சைஸ் பெருசா, ஏன்னா நடக்க நடக்க பாதம் வீங்கும். குதிகால்லயும் விரல் இடுக்குலயும் வாசலின் தடவிக்குங்க, ஈர சாக்ஸை உடனே மாத்துங்க. எங்கயாவது சுருக்குனு சூடா உரசுற மாதிரி இருந்தா அந்த நிமிஷமே உக்காந்து பிளாஸ்டர் ஒட்டுங்க, கொப்புளம் ஆன பிறகு ஒட்டுறது வைத்தியம், அதுக்கு முன்னாடி ஒட்டுறதுதான் காப்பு. வந்துட்டா தோலை மட்டும் உரிச்சுடாதீங்க.

நானும் என் தோழியும் மட்டும் போகலாம்னு இருக்கோம், கூட்டத்தோட இல்லாம. ராத்திரி நடந்தா வெயில் இருக்காதுன்னு சொல்றாங்க, சரியா? எந்த மாசம் நல்லது?
- தாம்பரம் வாசகி

ராத்திரி வேண்டாம்மா. வெயிலை விட இந்த ரோட்டுல எனக்கு பயம் வண்டிதான். ஆகஸ்ட் கடைசியில காவி உடுத்தி, சின்னத் தேர்ல மாதா சுரூபத்தை வச்சு இழுத்துட்டு கூட்டம் கூட்டமா போவாங்க, பார்க்கவே கண்ணு நிறையும், ஆனா இடது பக்கமா நடந்து பின்னாடி வர்ற லாரியை பார்க்காம அடிபடுறது வருஷா வருஷம் நடக்குது. நீங்க ரோட்டுக்கு வலது பக்கம் நடங்க, எதிர்ல வர்ற வண்டி உங்க கண்ணுக்கு தெரியணும். விடியற்காலை நாலரை அஞ்சுக்கு கிளம்பினா வெளிச்சம் வர்ற வரைக்கும் பையில மினுக்குற சிவப்பு லைட்டோ ஒளிரும் பட்டையோ கட்டாயம். ஹெட்செட் மாட்டிட்டு செபமாலை கேட்கிற பழக்கம் இருந்தா ஒரு காதை திறந்து வைங்க. ஒம்பதரைக்கு நிறுத்திட்டு, முடிஞ்சா சாயங்காலம் நாலுல இருந்து ஆறு. வழியில இருக்கிற கோயில்ல பாத்ரூம் உபயோகிக்கலாமான்னு கேட்டா யாரும் இல்லைன்னு சொன்னதில்ல, பெட்ரோல் பங்க்கும் இருக்கு, கூச்சப்பட்டு தண்ணி குடிக்காம மட்டும் நடக்காதீங்க, நாம பொம்பளைங்க பண்ற பெரிய தப்பு அது. தலை சுத்தி, பேச்சு குழறி, ஆள் தடுமாறினா நிழலுக்கு இழுத்து தண்ணி ஊத்தி விசிறிட்டு 108-க்கு போன் பண்ணுங்க, யோசிக்காதீங்க.

மாசம்னா ஜனவரி, பிப்ரவரி. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை இந்தக் கரையில வடகிழக்கு பருவமழை, புயலும் அப்பத்தான், 2011 டிசம்பர்ல 'தானே' புயல் கடலூரையும், 2018 நவம்பர்ல 'கஜா' புயல் நாகை பக்கத்தையும் எப்படிப் போட்டுட்டுப் போச்சுன்னு மறக்க முடியுமா.

நான் இந்து. மாதாவை கும்பிடுவேன். நடந்து வந்தா தப்பா நினைப்பாங்களா?
- மதுராந்தகம் வாசகர்

தம்பி, அந்தக் கோயில்ல மொட்டை போடுறவங்க, தொட்டில் கட்டுறவங்கள்ல பாதிப்பேர் யாருன்னு நினைக்கிறீங்க? போற வழியே அப்படித்தான். கோவளத்துல மாதா கோயிலும் தர்காவும் இருக்கு, சிதம்பரம் நடராஜர் இருக்கார், நாகூர் தர்காவோட பெரிய மினார் 131 அடி, கட்டிக் கொடுத்தது தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங். நாகூர்ல நான் போன அன்னைக்கு களைச்சுப் போய் திண்ணையில உக்காந்தேன், கழுத்துல செபமாலையைப் பார்த்துட்டே ஒரு பெரியவர் டீ வாங்கிட்டு வந்து கொடுத்தார். வாங்க தம்பி, தைரியமா.

நான் நாகப்பட்டினம் வரைக்கும் நடந்து முடிச்சிட்டேன், கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி. திருவிழாவுக்குப் போய் முடிக்கவா, வேற நாள்லயா? எங்க அம்மாவுக்கு 68 வயசு, இந்த ஒரு நாளாவது கூட நடக்கணும்னு ஆசைப்படுறாங்க, கூட்டிட்டுப் போகலாமா?
- புதுச்சேரி வாசகர்

அம்மா வர்றாங்கன்னா திருவிழா வேண்டாம். ஆகஸ்ட் 29 கொடியேத்தத்துல இருந்து செப்டம்பர் 8 வரைக்கும் அந்த ரோட்டுல மூச்சு விட இடம் இருக்காது, ரூமும் கிடைக்காது. சாதாரண வாரத்துல புதன், வியாழன் மாதிரி ஒரு நாள் போங்க, கோயில்ல மாதா முன்னாடி பத்து நிமிஷம் யாரும் தள்ளாம நிக்க முடியும்.

நாகையில இருந்து 11, 12 கிலோமீட்டர்தான். அம்மா தினமும் ஒரு மணி நேரம் நடக்குறவங்கன்னா ரெண்டு நாளா பிரிச்சு கூட்டிட்டுப் போங்க, முதல் நாள் பாதி தூரம், ஆட்டோல திரும்பி வந்து நாகையில தூக்கம், மறுநாள் அதே இடத்துல இருந்து மிச்சம். முட்டி வலி உள்ளவங்கன்னா கடைசி ரெண்டு கிலோமீட்டருக்கு மட்டும் வந்து சேர்ந்துக்கட்டும். கோயில்ல இருந்து மாதா குளத்துக்கு மணல் பாதையில முட்டி போட்டு போறவங்களைப் பார்த்து அம்மாவுக்கும் ஆசை வரும், அங்க நடந்தே வரட்டும், நீங்க கையைப் பிடிச்சுக்குங்க.

நாகையை விட்டு வெளிய வரும்போது ஒரு செபமாலை சொல்லுங்க தம்பி. 2004 டிசம்பர் 26, ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, இந்த ஒரு மாவட்டத்துல மட்டும் 6,000-க்கு மேல ஜனங்களை கடல் கொண்டு போச்சு. அதுல கிறிஸ்மஸ் முடிஞ்சு வேளாங்கண்ணிக்கு வந்து கடற்கரையில நின்னவங்களும் இருந்தாங்க, நம்மள மாதிரியே ஏதோ ஒரு பொருத்தனையோட வந்தவங்க. நான் நடந்த அன்னைக்கு செபமாலையோட அஞ்சு பத்து மணியையும் அவங்களுக்காகத்தான் சொன்னேன், சொல்லி முடிக்கும்போது கோபுரம் கண்ணுல பட்டுடுச்சு.

அம்மா வேகத்துக்கு நீங்க நடங்க, உங்க வேகத்துக்கு அவங்களை இழுக்காதீங்க. குடை, தண்ணி, ரெண்டு பிஸ்கட் பாக்கெட், அவங்க காலைல போடுற மாத்திரை, இதெல்லாம் உங்க பையில இருக்கட்டும். அவங்க உக்காரணும்னு சொல்ற இடத்துல எல்லாம் உக்காருங்க, எழுந்திருக்கலாம்னு அவங்களே சொல்லட்டும்.